மௌனத்தில் பேசிய பெண்

மூன்று ஒலிப்பதிவுகள். மூன்றும் ஒரே நிகழ்ச்சி. இரண்டில் அந்தப் பெண் இல்லை. மூன்றாவதில் இருந்தாள்.

சாஹிரா மூன்றாவதை மறுபடியும் ஓடவிட்டாள். மேற்குத் தாம்பரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அவளுடைய துப்பறியும் அலுவலகத்தில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. பெண் வீட்டாருக்காக மாப்பிள்ளையையும், மாப்பிள்ளை வீட்டாருக்காகப் பெண்ணையும் விசாரித்தே அவளுக்கு நாற்பத்தெட்டு வயதாகிவிட்டது. மனிதர்கள் பொய் சொல்லும் வகைகளையெல்லாம் பார்த்து முடித்துவிட்டோம் என்று நினைத்திருந்தாள். இது புதிதாக இருந்தது. புதிதாக எதையும் தாங்கும் தெம்பு அவளிடம் இல்லை.

கைப்பேசியிலிருந்து முதலில் யேசுதாசனின் குரல் வந்தது. "கண்களை மூடுங்கள். உங்கள் வேதனையை மௌனமாக ஆண்டவரிடம் சொல்லுங்கள்."

பிறகு மௌனம். அந்த மௌனத்தின் நடுவே, கனிவாக, நிதானமாக ஒரு பெண் பேசினாள்:

"இத்தனை வருஷம் பட்டது போதும். உங்கள் சர்க்கரைக்கு இனி ஊசி வேண்டாம். நம்பிக்கையோடு இருங்கள். இன்று முதல் உங்கள் வாழ்வில்..."

அங்கே அவள் குரல் அறுந்தது. உடனே யேசுதாசன், "ஆமென்" என்றார்.

"இன்னா ஸ்பீடு மேடம்!" என்றார் பொன்னுசாமி. "வேண்டிகினு கண்ண தொறக்கறதுக்குள்ள பதில் வந்துருச்சு. நான் பட்டா மாத்த மனு குட்த்து ரெண்டு வருசம் ஆவுது. ஒரு குரலையும் காணோம்."

பொன்னுசாமி முன்பு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். ஒரு நாள் சாஹிரா பின்தொடரச் சொன்ன காரைக் கடைசிவரை விடாமல் துரத்தியதில் அவளுக்கு உதவியாளர் ஆனார். வேலை சுத்தம். வாய்தான் நிற்காது.

எதிரே உட்கார்ந்திருந்த யேசுதாசன் சிரிக்கவில்லை. பொழிச்சலூரில் தன் வீட்டின் பின்னறையில் 'அமைதி வேளை' என்ற ஜெப நிகழ்ச்சியைத் தினமும் தனியாளாகப் பதிவு செய்கிறவர் அவர். அறுபதைத் தாண்டியவர், சரியாகத் தூங்கி நாளாகியிருக்கும் போலிருந்தது.

"ஊரப்பாக்கத்துல ஷீலான்னு ஒரு அம்மா, சிஸ்டர். என் நிகழ்ச்சியை ஒரு நாளும் விடமாட்டாங்க. இதைக் கேட்டுட்டு இன்சுலினை நிறுத்திட்டாங்க. மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில சேர்த்து, இப்பத்தான் கண் முழிச்சிருக்காங்க. ஸ்தோத்திரம். ஆனா அவங்க மக என்னைத்தான் குற்றவாளிங்கறா. இந்தப் பதிவை எடுத்து ரேடியோ நிலையத்துக்கே அனுப்பிட்டா."

"நிலையம் என்ன சொல்லுது?"

"இன்னிக்குச் சாயங்கால ஒலிபரப்புக்கு முன்னாடி காரணம் சொல்லணும். இல்லேன்னா என் நேரம் ரத்து. அதோட அமைதி வேளை முடிஞ்சுது."

"இதே மெட்ராசுல எத்தினி எஃப்.எம். கீது? அங்க போய் பேசறது?" என்றார் பொன்னுசாமி.

"மத அமைப்புகளுக்கு இங்க எஃப்.எம். லைசென்ஸ் கிடையாது பிரதர். அதனால கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தீவுல இருக்கிற நிலையத்துல நேரம் வாங்கறேன்."

அது நடக்கும் விதம் அழகானது. பொழிச்சலூரில் பேசியது இணையம் வழியாகத் தீவுக்குப் போகிறது. அங்கே ஒரு உயரமான கோபுரம் அதை மீடியம் வேவ் அலையாக்கி வீசுகிறது. மண்ணில் சீக்கிரம் களைத்துப்போகும் அந்த அலை, உப்புத் தண்ணீரின் மேல் வெகுதூரம் ஓடும். கடல்தான் அதற்கு நல்ல சாலை. அப்படி ஓடிவந்து, புறப்பட்ட ஊருக்கே திரும்பி, பக்கத்துத் தெருவில் ஒலிக்கும்.

அலைக்கு எல்லை இல்லை. சட்டத்துக்கு உண்டு. சர்க்கரை நோயைத் தீர்ப்பதாக இந்தியாவில் விளம்பரம் செய்யவே கூடாது. மத நேரத்தில் யாரும் நோய் தீர்ப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது என்பது அந்த நிலையத்தின் விதி. ஒரே வாக்கியத்தில் யேசுதாசன் இரண்டையும் மீறியிருந்தார். ஆனால் அந்த வாக்கியத்தை அவர் பேசவே இல்லை.

"முதல் பதிவு நீங்க அனுப்பினது. அதுல அவ இல்லை," என்றாள் சாஹிரா. "ரெண்டாவது, நிலையம் தான் ஒலிபரப்பினதைப் பிடிச்சு வெச்சது. அதுலயும் இல்லை. மூணாவது, ஷீலா வீட்டுல ரேடியோ பக்கத்துல அவங்க மக போன்ல பிடிச்சது. அதுல மட்டும் இருக்கா. நிலையத்துக்கும் அந்த வீட்டுக்கும் நடுவுல இருக்கறது வெறும் காத்து."

"காத்து கருப்புன்னு சொல்லுவாங்களே..." என்று ஆரம்பித்த பொன்னுசாமி, அவள் பார்வையைக் கண்டு நிறுத்தினார்.

"யாரோ என் பேரைக் கெடுக்கப் பார்க்கறாங்க சிஸ்டர்."

"அப்படித் தெரியலையே. பேரைக் கெடுக்கிறவன் வாக்கியத்தை முழுசாச் சொல்லிட்டுத்தான் போவான். இவ பாதியில வெட்டுப்படறா. அதுவும் நீங்க 'ஆமென்' சொன்ன உடனே. உங்களுக்கு வழிவிட்டு ஒதுங்கற மாதிரி." சாஹிரா எழுந்தாள். முழங்கால் மளுக்கென்றது. "மதியம் மறு ஒலிபரப்பு உண்டு இல்லையா? பொன்னுசாமி, வண்டியை எடுங்க. உங்க கிரிக்கெட் டிரான்சிஸ்டரையும்."

*

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தாண்டும்வரை பேருந்துகளுக்கு நடுவே ஊர்ந்துதான் போக முடிந்தது. ஊரப்பாக்கத்தில் ஷீலாவின் வீடு அடுக்குமாடியில் நான்காவது தளம். அவருடைய மகள் அனுப்பிரியா கதவைத் திறந்து, உள்ளே அழைக்காமல் நின்றாள். முந்தின இரவு ஆஸ்பத்திரி நாற்காலியில் கழிந்தது அவள் முகத்தில் தெரிந்தது.

"அந்த பாஸ்டர் அனுப்பின ஆளுங்கதானே நீங்க?"

"அவர் பாஸ்டர் இல்லை. ஆனா அவர்தான் அனுப்பினார்," என்றாள் சாஹிரா. "உங்க பதிவுல இருக்கிற குரல் யாருதுன்னு கண்டுபிடிக்கணும்."

"யாரையாவது பிடிச்சுப் பேச வெச்சிருப்பார். ப்ளான் பண்ணித்தானே பண்ணியிருக்கார்? கண்ணை மூடச் சொல்லி, வேதனையைச் சொல்லச் சொல்லி, அப்புறம் சாஃப்டா ஒரு லேடி வாய்ஸ்! அம்மா வார்டுல படுத்துட்டு இன்னும் என்ன சொல்றாங்க தெரியுமா? 'நான் கேட்டேன், பதில் வந்துச்சு'ன்னு. இன்னிக்குக் காலைலயும் நர்ஸ் ஊசி போட வந்தா கையை இழுத்துக்கறாங்க மேடம்."

பொன்னுசாமி நகைச்சுவை எதையும் முயலாமல் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்துத்தான் அவள் வழிவிட்டாள்.

ரேடியோ ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. மரப் பெட்டி, பித்தளை நிறக் குமிழ், துணி போர்த்திய முகப்பு. சாஹிராவின் அப்பா காலத்துச் சாமான் போலவே இருந்தது. ஆனால் புதிது.

"அம்மா பர்த்டேக்கு நான் வாங்கிக் குடுத்தது," என்றாள் அனுப்பிரியா. "பழைய ரேடியோ ஒரே கரகரப்பு. இதுல கண்ணாடி மாதிரி கிளியரா கேக்கும்."

"கரகரப்பே இல்லையா?"

"துளிகூட இல்லை."

சாஹிரா பொன்னுசாமியைப் பார்த்தாள். அவர் பையிலிருந்து தன் டிரான்சிஸ்டரை எடுத்தார். மூடி இல்லாததால் பேட்டரிகளை ஒரு ரப்பர் பேண்ட் பிடித்துக்கொண்டிருந்தது. தீவு நிலையத்தைப் பிடித்ததும் சட்டியில் கடலை வறுபடும் சத்தம் வந்தது. லிஃப்ட் நகர்ந்தபோது வறுபடல் அதிகமாயிற்று. மீடியம் வேவ் அப்படித்தான். லிஃப்ட் மோட்டார், எல்.இ.டி. விளக்கு, இன்வெர்ட்டர் என்று சுற்றி நடக்கும் எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டுதான் வரும்.

அனுப்பிரியா மரப்பெட்டியின் குமிழைத் திருகினாள். சத்தம் சுத்தமாக வந்தது. லிஃப்ட் மேலே போயிற்று, கீழே வந்தது, பெட்டியில் ஒரு கரகரப்பும் இல்லை.

மதிய ஒலிபரப்பு தொடங்கியது. டிரான்சிஸ்டரில் கடலைக்கு நடுவே யேசுதாசன் வணக்கம் சொன்னார். அவர் அடுத்த வாக்கியத்துக்கும் போய்விட்ட பிறகு, மரப்பெட்டியில் அதே யேசுதாசன் மறுபடி வணக்கம் சொன்னார்.

"இன்னா மேடம், பெட்டி லேட்டா எழுந்துகினு வருது?"

"ரேடியோ அலைக்குக் காத்திருக்கத் தெரியாது பொன்னுசாமி. கிளம்பின நொடியே வந்துடும். இணையம் அப்படி இல்லை. சத்தத்தைச் சின்னச் சின்ன பொட்டலமாக் கட்டி அனுப்பும். வழியில ஏதாவது தாமதமானாலும் பாட்டு நிக்கக் கூடாதேன்னு, வாங்கற பெட்டி கொஞ்சம் பொட்டலத்தைச் சேர்த்து வெச்சுக்கிட்டுத்தான் பிரிக்க ஆரம்பிக்கும். அதுதான் தாமதம்." அவள் அனுப்பிரியாவிடம் திரும்பினாள். "இதுக்கு வைஃபை பாஸ்வேர்ட் போட்டீங்களா?"

"நான்தான் போட்டேன். ஏதோ ஒரு ஆப் வழியா வருது. ஆனா அதே ஸ்டேஷன்தானே மேடம்?"

"அதே ஸ்டேஷன்தான். வர்ற வழி வேற."

டிரான்சிஸ்டரில் யேசுதாசன் கண்களை மூடச் சொன்னார். பிறகு வெறும் கடலை வறுபடும் சத்தம். வேறு எதுவும் இல்லை. கடைசியில் ஆமென்.

மூவரும் மரப்பெட்டியைப் பார்த்தபடி நின்றார்கள். அதிலும் யேசுதாசன் கண்களை மூடச் சொன்னார். மௌனம் வந்தது. கொஞ்ச நேரம் எதுவுமே இல்லை.

"இத்தனை வருஷம் பட்டது போதும்," என்றாள் அந்தப் பெண்.

அனுப்பிரியா பாய்ந்து குமிழைத் திருகிப் பெட்டியை அணைத்தாள். குமிழிலிருந்து கையை எடுக்காமலே நின்றாள்.

"அப்போ நான் வாங்கிக் குடுத்த பெட்டியா அம்மாகிட்ட அப்படிச் சொல்லுச்சு?"

"பெட்டி தானாச் சொல்லாதும்மா," என்றாள் சாஹிரா. "அதுக்கு யாரோ சொல்லிக் குடுக்கறாங்க. அந்த ஆப்பை நடத்தறது யார்னு காட்டுங்க."

முகவரி குன்றத்தூரில் இருந்தது.

*

மலைக்கோயிலுக்குப் போகும் தெருவில், பூக்கடைக்குப் பின்னால் இரண்டு அறைகள். உள்ளே குளிர்சாதனமும் நான்கு கணினிகளும் எழில் என்ற மனிதரும் இருந்தார்கள். எழிலுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். துப்பறிபவர் என்றதும் எழுந்து நின்றார்.

"நாங்க வெறும் ரிலேதான் மேடம். ஸ்டேஷன் பர்மிஷன் இருக்கு. அவங்களோட நேரடி இணைய லைனை வாங்கி அப்படியே ஆப்ல விடறோம். ப்ரோகிராம் நடுவுல கையே வைக்கறதில்லை."

சாஹிரா பதிவை ஓடவிட்டாள். 'இன்று முதல் உங்கள் வாழ்வில்' என்று குரல் அறுந்ததும் எழிலின் நெற்றி சுருங்கியது. கணினியில் எதையோ தேடினார். ஒன்றைத் திறந்தார். அதே பெண், அதே கனிவு. ஆனால் இந்த முறை அறுபடவில்லை:

"...இன்று முதல் உங்கள் வாழ்வில் ஊசியே இல்லை. ஒரே மாதத்தில் குணம் தரும் அற்புத மூலிகைப் பொடி. உங்கள் வீடு தேடி வரும்."

"அடங்கொக்கமக்கா, விளம்பரம்!" என்றார் பொன்னுசாமி. "நான் அசரீரின்னு நெனச்சு கன்னத்துல போட்டுகினேன். இவ இன்னாடான்னா பொடி விக்கறா!"

"இது ஃபில்லர் அண்ணா," என்றார் எழில். "லைன் அறுந்து சத்தம் நின்னுட்டா, கேக்கறவங்க ஆப்பை மூடிட்டுப் போயிடுவாங்க. அதனால கொஞ்ச நேரம் சத்தமே வரலேன்னா, சாஃப்ட்வேர் தானா இதுல ஒண்ணை எடுத்து ஓட்டும். சத்தம் திரும்பின உடனே நிறுத்திட்டு லைவுக்குப் போயிடும்."

சாஹிரா நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் சேர்க்கவில்லை. யாரும் வெட்டவும் இல்லை. மௌன ஜெபத்தை, லைன் அறுந்துவிட்டது என்று ஒரு இயந்திரம் நினைத்தது. ஆமென் கேட்டதும் லைன் வந்துவிட்டது என்று நினைத்தது. நடுவில் அதன் கையில் கிடைத்த இடைவெளி, பொடி என்ற சொல் வருவதற்குள் முடிந்துவிட்டது. அதனால் ஷீலா கேட்டதில் விற்பனை இல்லை. ஆறுதல் மட்டும் இருந்தது.

"இதை யார் குடுத்தது?"

"ஒரு வெளிநாட்டு ஏஜென்சி. மொத்தமா அனுப்புவாங்க. எங்க சர்வரும் வெளிநாட்டுலதான். அதனால நம்ம ஊர் சட்டம் இதுக்கு வராதுன்னு..."

"கேக்கற காது ஊரப்பாக்கத்துல இருக்கு எழில். நீங்க குன்றத்தூர்ல இருக்கீங்க. நிலையத்தோட விதி நிலையத்தோட கதவுல முடிஞ்சுது. ஏஜென்சியோட விதி அவங்க நாட்டுல முடிஞ்சுது. நடுவுல மிச்சம் இருந்தது நீங்க ஒருத்தர்தான். இதை ஒரு தடவையாவது கேட்டுப் பார்த்தீங்களா?"

"ஃபில்லரை யார் மேடம் உக்காந்து கேப்பாங்க?"

"கண்ணை மூடிட்டு ஒரு அம்மா கேட்டாங்க."

எழில் கணினிப் பக்கம் திரும்பினார். கோப்புகளைத் தேர்ந்தெடுத்தார். அவர் விரல் அழிக்கும் பொத்தானுக்குப் போனபோது சாஹிரா தடுத்து, ஒரு பிரதியைத் தன் கைப்பேசிக்கு அனுப்பச் சொன்னாள். பிறகுதான் அந்தப் பெண்குரல் கணினியை விட்டுப் போயிற்று.

"ஆனா மேடம், எனக்கு ஒண்ணு புரியலை," என்றார் எழில். "இந்த ஃபில்லர் ஒரு வருஷமா இருக்கு. அமைதி வேளையும் ஒரு வருஷமா எங்ககிட்ட ஓடுது. போன மாசம் வரைக்கும் அதுல ஒரு தடவைகூட லைன் கட் ஆனதா சிஸ்டம் சொல்லலை."

"மௌன ஜெபம் மொதல்லேர்ந்தே கீதே," என்றார் பொன்னுசாமி. "ஒரு வருசமா வாய மூடிகினு இருந்தவ இப்ப இன்னாத்துக்குத் தொறந்தா?"

சாஹிரா கண்களைத் தேய்த்துக்கொண்டாள். வீட்டுக்குப் போகலாம் என்று நினைத்திருந்தாள். "எழில், நீங்க உங்க பக்கத்துல எதையாவது மாத்தினீங்களா?"

"எதையும் தொடலை."

"அப்ப மாறினது இங்க இல்லை. போன் பக்கத்துலயே இருங்க. ஃபில்லர் இருந்த இடத்துல ஒரு மணியோசையை மட்டும் வெச்சு வைங்க, சோதனைக்கு."

*

பொழிச்சலூரில் யேசுதாசன் கதவைத் திறந்தபோது தலைக்கு மேல் ஒரு விமானம் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயசைத்தது கேட்கவில்லை. மூவரும் அது போகும்வரை நின்றார்கள்.

பின்னறையில் ஒரு மேசை, மைக், கணினி, பழைய மெத்தை ஆணியடிக்கப்பட்ட சுவர். சாஹிரா இரண்டு நிகழ்ச்சிகளைத் திரையில் திறக்கச் சொன்னாள். ஒன்று மூன்று மாதத்துக்கு முந்தியது. மற்றது நேற்றையது. சத்தத்தைக் கணினி கோடாக வரைந்து காட்டும். பேசும் இடத்தில் கோடு மலைபோல் எழும். பேசாத இடத்தில் படுத்துவிடும்.

பழைய நிகழ்ச்சியில், மௌன ஜெபத்தின் இடத்தில் கோடு மெல்லிய நூலாக நடுங்கிக்கொண்டே போயிற்று. நேற்றையதில் ஸ்கேல் வைத்து வரைந்ததுபோல் நேராக இருந்தது.

"பழசுல என்ன கேக்குது?" என்றாள் சாஹிரா.

சத்தத்தைக் கூட்டி வைத்தார்கள். மின்விசிறி. யாரோ மூச்சு விடுவது. நாற்காலி கிறீச்சிட்டது. வெகுதூரத்தில் ஒரு விமானம்.

"புதுசுல?"

எதுவுமே இல்லை. ஒரு அறையில், ஒரு ஊரில், அப்படி ஒரு வெறுமை இருக்கவே முடியாது.

"அது கம்ப்யூட்டர்ல செஞ்சது சிஸ்டர்," என்றார் யேசுதாசன். "விமானச் சத்தம் ஜெபத்தைக் கெடுக்குதுன்னு சிலபேர் சொன்னாங்க. எனக்கும் முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மண்டி போட முடியலை. விமானம் போறதுக்காகத் திரும்பத் திரும்பப் பதிவு பண்ணி அலுத்துப்போச்சு. போன மாசம் ஒரே ஒரு தடவை வெறுமையா ஒரு துண்டு செஞ்சு வெச்சேன். அதுலேர்ந்து தினமும் அதையே ஒட்டிடறேன்." மேசையில் இருந்த காலி டீ டம்ளரை ஓரமாகத் தள்ளினார். "அந்த நேரத்துல டீ போட்டுக் குடிப்பேன்."

"மெஷின் அதைத்தான் கவனிச்சிருக்கு," என்றாள் சாஹிரா. "முன்னாடி நீங்க பேசலைன்னாலும் ஒரு ஆள் இருக்கிற சத்தம் இருந்துச்சு. லைன் உயிரோட இருக்குன்னு அதுக்குத் தெரிஞ்சுது. இப்ப அங்க யாரும் இல்லைன்னு நினைச்சது. அது நினைச்சது தப்பும் இல்லை."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கடுமையாக இருந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. யேசுதாசன் திரையில் இருந்த நேர்கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா என்கூட சேர்ந்து ஜெபிக்கிறதா நம்பித்தானே கண்ணை மூடினாங்க," என்றார்.

ஒலிபரப்புக்கு இன்னும் நேரம் இருந்தது. அன்றைய நிகழ்ச்சியில் ஜெபத்தின் பகுதியை மட்டும் புதிதாகப் பதிவு செய்ய உட்கார்ந்தார். ஷீலாவின் பெயரைச் சொல்லாமல், மருந்தை நிறுத்தாதீர்கள் என்றும், ஊசி வேண்டாம் என்று சொன்ன குரல் ஒரு விளம்பரம் என்றும் முதலில் பேசினார். கண்களை மூடச் சொன்னார். தானும் மூடினார். மைக்கின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பாதியில் விமானம் வந்தது. யேசுதாசன் பழக்கத்தில் கண்ணைத் திறந்தார், கை பொத்தானுக்குப் போயிற்று. சாஹிரா வேண்டாம் என்று தலையசைத்தாள். அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். உதடுகள் அசைந்தன. சன்னல் கம்பி அதிர, விமானம் அவருடைய ஜெபத்தின் மேலாகப் போய் இறங்கியது.

"ஆமென்."

கணினியில் செய்த வெறுமைத் துண்டையும் இப்போதைய பதிவையும் எழிலுக்கு அனுப்பினார்கள். சிறிது நேரத்தில் அவர் அழைத்தார். சாஹிரா ஒலிபெருக்கியில் போட்டாள்.

"வெறுமைத் துண்டை விட்டா மணி அடிக்குது மேடம். புதுசை விட்டா அடிக்கலை. அப்படியே லைவ்ல நிக்குது."

"ஏரோப்ளேனுக்கு ஸ்தோத்திரம்," என்றார் பொன்னுசாமி. யேசுதாசன் அன்று முதல்முறையாகச் சிரித்தார்.

சாஹிரா யேசுதாசனை நிலையத்துக்குச் சுருக்கமாக எழுதச் செய்து, எழில் தந்த விளம்பரப் பிரதியையும் இரண்டு கோடுகளின் படத்தையும் சேர்த்து அனுப்பினாள். பதில் வருவதற்குள் அனுப்பிரியாவுக்கும் ஒரு பிரதியை அனுப்பி, முழு விளம்பரத்தையும் பொடி வரைக்கும் அம்மாவுக்குப் போட்டுக் காட்டச் சொன்னாள். அவள் திரும்ப அழைத்தபோது பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம் கேட்டது.

"கேட்டாங்க மேடம். ரெண்டு தடவை கேட்டாங்க. அப்புறம் நர்ஸ்கிட்ட கையை நீட்டிட்டாங்க."

நிலையத்தின் பதில் ஒரே வரியாக இருந்தது. இன்று ஒலிபரப்பு உண்டு. இனி இது நடக்காமலிருக்க என்ன செய்யப் போகிறீர்கள் என்று தெரிவிக்கவும்.

"என்ன எழுதட்டும் சிஸ்டர்?" என்றார் யேசுதாசன்.

சாஹிரா சுவரில் சாய்ந்தபடி சொன்னாள். அவர் அப்படியே தட்டச்சு செய்தார்:

"ரிலே செய்பவர், லைன் அறுந்தால் மணியோசை மட்டும் ஒலிக்க விடுவார், விளம்பரம் வைக்கமாட்டார். கணினியில் செய்த வெறுமையை நான் இனி ஒட்டமாட்டேன். மௌன ஜெபத்தின்போது மைக் திறந்தே இருக்கும். அதன் முன்னால் நான் உட்கார்ந்திருப்பேன்."